ஒரு மதகு, நாலு வாசல்

என் கொழுந்தனார் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் முதலில் வாசல்களை எண்ணுவார். பெண் வீட்டார் யார், பந்தி எங்கே என்பதெல்லாம் பிறகுதான். எண்ணி முடித்ததும், மேடை கண்ணுக்குத் தெரியாத தூரமானாலும் சரி, வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவரைக் கேலி செய்வோம். "தாலி கட்டுறதைப் பாக்க வந்தீகளா, வாட்ச்மேன் வேலைக்கு வந்தீகளா?" என்று நானே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொள்வார். அவர் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். பல வருஷங்களுக்கு முன்னால் அங்கே நடந்த ஒன்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

என் கணவருக்கு அச்சகம். காலண்டரும் டைரியும் அடிக்கிறார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பிறந்தது நாரணாபுரத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில், கண்மாய்ப் பாசனத்தை நம்பிய சம்சாரி வீட்டில். விலங்கியல் படித்து, சிவகாசியில் ஒரு கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். முதல்வரோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போகாது என்பதுதான் கஷ்டம்.

வேலையை விட்டுச் சும்மா இருந்த அந்தச் சமயத்தில்தான் கொழுந்தனார் ஒரு யோசனையோடு வந்தார். சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் எல்லாம் தாண்டி, கடற்கரையோரம் கைவிட்டுக் கிடந்த ஒரு உப்பளத்தை அவர் எப்போதோ வாங்கிப் போட்டிருந்தார். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் எதையும் கட்ட விட மாட்டார்கள் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. நிலம் வெள்ளை பூத்துக் கிடந்தது. அதை மறுபடியும் உப்புச் சதுப்பாக மாற்றி, மீன் வந்து போகிற இடமாகச் செய்தால் கம்பெனி பேரில் ஒரு நல்ல காரியம் ஆகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"நீங்கதான் மதினி பாத்துக்கிடணும். மீனப் பத்திப் படிச்ச ஆளு நம்ம வீட்ல நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

நான் படித்தது தவளை அறுப்பதற்கு. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் அவரும் நானும் போய்ப் பார்த்தோம். சதுரம் சதுரமாகப் பழைய பாத்திகள். அவற்றைச் சுற்றிக் கனத்த மண்கரை. கரையின் கிழக்கு மூலையில் ஒரு மதகு. அதற்கு அப்பால் உப்போடை, ஓடைக்கு அப்பால் கடல். உப்பளம் நடந்த காலத்தில் அந்த மதகு வழியாகத்தான் கடல்தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறார்கள். கரைக்கு வடக்கே யாரும் கை வைக்காத உமரிக்காடு இருந்தது. முழங்கால் உயரத்துக்குச் செக்கச்செவேலென்று உமரிச் செடி. அதன் ஊடே நரம்பு நரம்பாகச் சின்ன வாய்க்கால்கள். எது எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்றே சொல்ல முடியாது.

கொழுந்தனார் கரைமேல் ஒரு சுற்று நடந்து வந்தார். வந்து நின்று, "இம்புட்டு எடத்துக்கும் ஒரே வாசல்தானா மதினி?" என்று கேட்டார்.

"மீனுக்கு எதுக்கு நாலு வாசல்? மீனு என்ன கல்யாணத்துக்கா வருது?" என்றேன். அவருடைய கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கரையைப் பல இடங்களில் வெட்டிவிட வேண்டும் என்று நான் படித்த புத்தகங்களிலும் இருந்தது. கடல் ஏறும்போது தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே வர வேண்டும். வற்றும்போது எல்லாப் பக்கமும் வடிய வேண்டும். மீன்குஞ்சு தண்ணீரோடு ஏறி வந்து, செடித் தண்டுகளுக்கு நடுவே ஒளிந்து, சேற்றில் மேய்ந்து, தண்ணீர் வடிவதற்குள் ஓடைப் பள்ளத்துக்குத் திரும்பிவிடும். நாளுக்கு இரண்டு தடவை இந்தப் போக்குவரத்து நடக்கும். வளர்ந்த பிறகு ஒரு நாள் போனது திரும்பாது, கடலோடு போய்விடும். இதையெல்லாம் நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்.

ஆனாலும் கரையை வெட்ட எனக்குக் கை வரவில்லை. எங்கள் ஊரில் கரையை வெட்டினவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். மழை பெய்கிற நாலு நாளில் வந்த தண்ணீரைத் தேக்கி வைத்து வருஷத்தை ஓட்டுகிற ஊர் அது. நிறைந்த கண்மாயைப் பார்த்தால்தான் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்கும். கரையை அப்படியே வைத்துக்கொண்டு மதகை மட்டும் அகலப்படுத்தினால் போதும் என்று முடிவு செய்தேன். ஏற்ற இறக்கத்துக்குப் பலகை போட்டுக்கொள்ளலாம், எல்லாம் நம் கையில் இருக்கும் என்று கொழுந்தனாருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டினார். படித்தவள் சொல்கிறாள் என்று விட்டுவிட்டார்.

அந்த ஓடையை நம்பிப் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் ஓடையில் நண்டும் இறாலும் சின்ன மீனும் பிடிப்பார்கள். மதகுக்கு வெளியே ஓடை குறுகுகிற இடத்தில் வலை கட்டினால் நல்ல மீன்பாடு கிடைக்கும். யாருக்கு எந்த இடம் என்று மாதா மாதம் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அவர்களில் ஒருத்தி நண்டு பிடிப்பதில் பேர் போனவள். நான் மனசுக்குள் அவளை நண்டுக்காரி என்றுதான் வைத்திருந்தேன். புருஷன் இல்லை. ஒரு மகள் விளாத்திகுளத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நண்டுக்காரிக்கு என்னைவிட வயது குறைவு. பேச்சில் மட்டும் எனக்கு மூத்தவள்.

கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் அவளிடம் போய்ப் பேசினேன். ஒரு வருஷம் மதகுப் பக்கம் வலை கட்ட வேண்டாம், குஞ்சுகளை உள்ளே போக விடுங்கள், வளர்ந்து வெளியே வரும்போது ஓடை முழுக்க உங்களுக்குத்தான் என்றேன்.

"உள்ள போறது வெளிய வரும்னு நீங்க சொல்லுதீக. வரலன்னா?"

"வரும். நான் பொறுப்பு."

"நான் ஒருத்தி விட்டாப் போதாதுக்கா. அம்புட்டுப் பேருகிட்டயும் நாந்தான் பேசணும். என் வாயை நம்பித்தான் அவுக விடுவாக. பாத்துக்கிடுங்க" என்றாள்.

பேசினாள். அடுத்த மாதச் சீட்டில் மதகுப் பக்கத்து இடத்தை யாருக்கும் போடவில்லை. நாற்பது வீட்டுப் பெண்களின் சம்மதம் அவள் ஒருத்தியின் சொல்லில் தொங்கியது. அவள் சொல் என் சொல்லில் தொங்கியது.

தை, மாசியில் குஞ்சுகள் வந்தன. வாரத்துக்கு ஒரு நாள் அதிகாலையில் சிவகாசியிலிருந்து கிளம்பிப் போவேன். எதிரே பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை அடைத்துக்கொண்டு வரும். ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்குகிற முகங்களைப் பார்த்தபடி நான் கடலுக்குப் போவேன். தண்ணீர் வடியும் நேரத்தில் மதகில் ஒரு துணிவலையைப் பிடிப்போம். நண்டுக்காரியும் நானும் ஆளுக்கொரு பக்கம். பிடித்ததை வாளியில் விட்டு, என்ன என்ன வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவோம். பிறகு வடக்கே உமரிக்காட்டு வாய்க்கால் ஒன்றிலும் அதையே செய்வோம்.

இரண்டு வாளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உமரிக்காட்டு வாளியில் மடவை, பால்கெண்டை, கீச்சான், ஊடகம், கொடுவாக் குஞ்சு, இறால், பேர் தெரியாத கண்ணாடி உடம்புக்காரர்கள் என்று ஒரு சந்தையே இருக்கும். எங்கள் வாளியில் மடவையும் பால்கெண்டையும்தான். அவை மட்டும் ஏராளம். எனக்கு ஏராளம் என்பதே போதுமாக இருந்தது.

"இங்கன தரை தட்டையா இருக்குக்கா. ஒளியிறதுக்கு ஒரு பள்ளம் இல்ல, ஒரு குழி இல்ல. வெயில் வந்தா இதுக எங்கிட்டு ஒதுங்கும்?" என்று நண்டுக்காரி கேட்டாள்.

"செடி வளரட்டும், எல்லாம் சரியாப் போகும்" என்றேன்.

சித்திரையில் மீன்கள் விரல் நீளத்துக்கு வந்துவிட்டன. வைகாசியில் என் கணவர் ஒரு யோசனை சொன்னார்.

சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியாகும். அதைப் பார்த்துத்தான் ஏஜென்டுகள் ஆர்டர் எடுப்பார்கள். அதற்கு வேண்டிய படங்களெல்லாம் வைகாசி, ஆனிக்குள் தயாராக வேண்டும். சாமி படம், குழந்தை படம், அருவி படம் என்று வருஷா வருஷம் அதையே அடித்து அவருக்கு அலுத்திருந்தது. "உன் சதுப்பை ஒரு படம் எடுத்துப் போடுவமே. தண்ணி தளும்பி நிக்கணும், பின்னால செவப்பா அந்தச் செடி தெரியணும். தம்பி கம்பெனிக்கும் ஒரு பேரு" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நான் மீனை மறந்தேன்.

படம் எடுக்கிறவர் காலை வெளிச்சத்தில்தான் எடுப்பேன் என்றார். அந்த நாட்களில் காலையில் தண்ணீர் வடிந்து சேறுதான் தெரியும். அமாவாசை ஏற்றத்தில் தண்ணீர் நன்றாக ஏறி நிற்கும்போது மதகில் பலகையை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் தளும்பி நிற்கும். எடுத்து முடித்ததும் பலகையைத் தூக்கிவிடலாம். ஒரே ஒரு ராத்திரி. வைகாசி பதினாலாம் தேதி மத்தியானம் நானே நின்று பலகையை இறக்கினேன். குப்பத்துப் பிள்ளைகள் விளையாட்டாகத் தூக்கிவிடக் கூடாது என்று சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியைக் கைப்பையில் போட்டேன்.

கரையில் நின்று பார்த்தேன். கரையை முட்டிக்கொண்டு தண்ணீர். எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்ததை நான் கடைசியாகப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் வந்தது எனக்கு. நண்டுக்காரி பக்கத்தில் நின்றாள். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்தாள்.

"நாளைக்கே எடுத்துருவீகல்லக்கா?"

"காலைல ஏழு மணிக்கு."

மறுநாள் காலையில் என்னை அழைத்துப் போக வர வேண்டிய படம் எடுக்கிறவர் வரவில்லை. அவருடைய கார் அருப்புக்கோட்டைப் பக்கம் நின்றுவிட்டது. சரி, பதினாறாம் தேதி எடுத்துக்கொள்ளலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் மேஜையிலிருந்த தினசரி காலண்டரைத் தாள் தாளாகப் புரட்டினார்.

"பதினாறு கரிநாள். பதினேழும் கரிநாள். பதினெட்டு வச்சுக்கிடுவோம்."

"ஒரு போட்டோவுக்குக் கரிநாள் என்ன?"

"புதுப் படம்லா? கரிநாள்னு அச்சடிச்சு ஊருக்கெல்லாம் விக்கிறவனே கரிநாள்ல ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்?"

சிரித்துவிட்டேன். அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். காரை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையைத் தூக்கியிருக்க வேண்டும். யோசிக்காமலும் இல்லை. ஆனால் அமாவாசை தாண்டிவிட்டது. ஏற்றம் நாளுக்கு நாள் குறையும். இப்போது திறந்தால் இந்த அளவுக்குத் தண்ணீர் மறுபடி ஏற அடுத்த பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டும். வந்த தண்ணீரை விட எனக்கு மனசு வரவில்லை. என் அப்பாவும் சித்தப்பாக்களும் மடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விடாதே என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாடம்.

பதினாறாம் தேதி மத்தியானம் நண்டுக்காரி போன் செய்தாள்.

"அக்கா, கொக்கு ஏகமா வந்து நிக்கி. கரையைச் சுத்தி வரிசையா நிக்கி. எதுவும் பறக்க மாட்டேங்கி."

"மீன் இருக்குல்ல, வரத்தான் செய்யும்."

"இப்படி நின்னு நான் பாத்ததில்லக்கா."

வெளியே சிவகாசி வெயில் அனலாகக் காய்ந்துகொண்டிருந்தது. பட்டாசு காய்வதற்கு நல்ல வெயில் என்று சாப்பாட்டு மேஜையில் கொழுந்தனார் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே அந்தத் தட்டையான பாத்தியில் முழங்காலளவு தண்ணீரும் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒதுங்க ஒரு குழி இல்லை.

பதினேழாம் தேதி காலையில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"நண்டெல்லாம் தண்ணியை விட்டு ஏறிக் கரை மேல வந்து உக்காந்திருக்கு. பிடிக்கப் போனாக்கூட ஓடல. தண்ணி கலர் மாறிட்டு, கூமுட்டை நாத்தம் அடிக்கி. பூட்டை ஒடைச்சுரட்டுமா?"

"ஒரே ஒரு நாள் பொறுங்க. நாளைக்கு விடியுமுன்ன நான் வந்துருவேன்" என்றேன். "உடைக்க வேண்டாம்" என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பூட்டின் விலைக்காக இல்லை. என் பேச்சுக்கு மேல் இன்னொருத்தி கை வைப்பதா என்ற திமிர்தான். வேறு பேர் அதற்கு இல்லை.

அவள் உடைக்கவில்லை. என் சொல்லை மதித்தாள்.

பதினெட்டாம் தேதி விடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். படம் எடுக்கிறவர் காரை நிறுத்தியதுமே காமிராவைத் தூக்கிக்கொண்டு மேற்குக் கரைக்கு ஓடினார். சூரியன் எழும்பி வந்தது. பின்னால் சிவப்பாக உமரிக்காடு. தண்ணீர் முழுவதும் வெள்ளி வெள்ளியாக மினுங்கியது.

"மேடம், இப்படி மினுங்குற தண்ணியை நான் எடுத்ததே இல்ல" என்று அங்கிருந்தே சொன்னார்.

நான் மதகை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். நாற்றம் முதலில் வந்தது. பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது, மினுங்கியது தண்ணீர் இல்லை. வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன்கள் மிதந்தன. கிழக்கு மூலையில், மதகுப் பலகையை ஒட்டி, தண்ணீரே தெரியாத அளவுக்கு. எல்லாம் அந்த ஒரு வழியைத் தேடித்தான் வந்திருந்தன. இன்னும் சாகாத சில மேலே வாயைத் திறந்து திறந்து மூடின. ஓடைப் பக்கம், பலகைக்கு அந்தப் புறம், ஒரு சாண் தூரத்தில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்தேன். நண்டுக்காரி சாவியை வாங்கித் திறந்தாள். இரண்டு பேரும் பலகையைத் தூக்கினோம். செத்த மீன்கள்தான் முதலில் வெளியே போயின. ஓடையின் இரு கரையிலும் குப்பத்துப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். தங்கள் காலடியில் மிதந்து போனதைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. நான் காரில் வந்தவள், காரில் போகிறவள். அங்கே இருக்கப் போகிறவள் அவள்தான்.

"எங்கிட்டச் சொன்னீகளேக்கா, வெளிய வரும்னு" என்று மட்டும் சொன்னாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை.

வீட்டுக்கு வந்து கொழுந்தனாரிடம் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, "நாங்க ஒரு ரூமுக்கு நாலு ஆளுதான் வைக்கணும் மதினி. நாலு ஆளுக்கு நாலு வாசல். ஒண்ணுல பூட்டுத் தொங்குனாலும் லைசென்ஸ் போயிரும்" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகம் வலித்தது.

படத்தைப் போடக் கூடாது என்று கணவரிடம் சண்டை பிடித்தேன். அவர் கொண்டுவந்த ப்ரூஃபை அவர் முன்னாலேயே கிழித்தேன். கிழிந்தது ப்ரூஃப் மட்டும்தான். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளியானது. பூஜைக்கு நான் போகவில்லை. அந்த டிசைன் நம்பருக்குத்தான் அந்த சீசனில் ஆர்டர் அதிகம் என்று பிறகு தெரிந்தது. பலசரக்குக் கடைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் கேட்டு வாங்கினார்களாம். பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

ஆடி முடிவதற்குள் கரையை வெட்டினேன். மண் தோண்டும் இயந்திரத்தை வரவழைத்து ஐந்து இடத்தில் வெட்டி, உள்ளே தரையையும் கோணல்மாணலாகக் கிண்டி, பள்ளமும் குழியும் போட்டேன். முதல் வெட்டு விழும்போது நான் திரும்பி நின்றுகொண்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. அந்த வேலை நடந்த நாட்களில் நண்டுக்காரி அந்தப் பக்கம் வரவில்லை. நானும் அவள் வீடு வரை போக வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பினேன்.

தண்ணீர் இப்போது எல்லாப் பக்கமிருந்தும் வந்து, எல்லாப் பக்கமும் போனது. புரட்டாசியில் வெட்டிய வாய்க்கால் ஒன்றில் நான் தனியாக வலையைப் பிடித்தேன். வாளியில் மடவை இருந்தது, கீச்சான் இருந்தது, இரண்டு ஊடகம், ஒரு கொடுவாக் குஞ்சு. உமரிக்காட்டு வாளி அளவுக்கு இல்லை. ஆனால் அந்தச் சந்தையிலிருந்து முதல் வண்டி வந்துவிட்டது. இதை அவளுக்குச் சொல்லியாக வேண்டும் என்று கரையில் நின்றபடியே போன் செய்தேன்.

"நல்லதுக்கா. நல்லாருக்கட்டும்" என்றாள். பின்னால் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க? நான் மதகுகிட்டதான் நிக்கேன். வாங்க, வந்து பாருங்க."

"நான் அங்கன இல்லக்கா. உங்க ஊர்லதான் இருக்கேன்."

மீன் செத்ததற்கு அடுத்த மாதம் சீட்டுக் குலுக்கும்போது குப்பத்துப் பெண்கள் அவள் பேரை எழுதிப் போடவில்லையாம். அதற்கடுத்த மாதமும் போடவில்லை. ஓடையில் இடம் இல்லையென்றால் நண்டுமில்லை, இறாலுமில்லை. மகளின் படிப்பு இருக்கிறது. நாரணாபுரம் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டில் வந்து தங்கி, வேனில் ஏறி வேலைக்குப் போகிறாளாம். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சொன்னாள். என் கொழுந்தனாருடையது.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை வருஷத்தில் நான் அந்தக் கம்பெனிக்குள் போனதில்லை. மறுநாள் போனேன். தீபாவளிக்கு முந்திய சீசன். வாசலில் லோடு ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன. செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்கள். வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி ஒற்றை அறைகள். பேக்கிங் அறை ஒன்றில் அவள் தரையில் உட்கார்ந்து பெட்டிகளில் சரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். நண்டின் கொடுக்கைப் பிடித்துத் திருகுகிற விரல்கள். நகக்கண் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் "இங்க பயமா இல்லையா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி.

"என்ன பயம்? வந்த மொத நாளே எண்ணிப் பாத்துட்டேன்க்கா. நாலு வாசல். எதுலயும் பூட்டு இல்ல" என்றாள்.

நானும் திரும்பிப் பார்த்து எண்ணினேன். நான் வந்த வாசல் ஒன்று. அதற்கு எதிரே ஒன்று. வலது பக்கம் ஒன்று. அங்கே வேப்பமரம் தெரிந்தது. இடது பக்க வாசல் தெரியவில்லை. அந்த இடத்தில் அன்றைய லோடுக்கான அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. மண்டபம் மண்டபமாக வாசல் எண்ணுகிற மனிதரின் கம்பெனி.

"இதை யாரு இங்க வச்சது?"

"லாரி வந்தா எடுத்துருவாக. ஒரே ஒரு நாள்தான்" என்றாள்.

நேரே போய் மேல் பெட்டியைக் கீழே இறக்கினேன். கனமாக இருந்தது. தரையோடு இழுத்து வெளியே தள்ளப் போனேன். அவள் எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

"இழுக்கக் கூடாதுக்கா" என்றாள், மெதுவாக. "இங்கன எதையும் இழுக்கக் கூடாது, உரசுனாப் பத்திக்கிடும். தூக்குங்க. நான் அந்தப் பக்கம் பிடிக்கேன்."